உருகியின் வாயை அடைக்காதீர்!

தன் கடமையைச் செவ்வனே செய்த காவற்காரனை, "நீ ஏன் கூவினாய்?" என்று கடிந்து வெளியே தள்ளிவிட்டுக் கள்வன் வந்தாலும் கண்திறவாத ஒருவனை அவனிடத்தில் அமர்த்தும் வீட்டுக்காரன் உளனாயின், அவனை அறிவுடையான் என்று எவரும் கூறார். ஆயின், தெருக்களில் நாள்தோறும் ஓடும் மகிழுந்துகள் பலவற்றுள் இவ்வறியாமையே அரங்கேறி வருகின்றது. வண்டியுள் உரத்த இசை கேட்பதற்கென்று பொருத்தப்படும் மிகைப்பிக்கு, அஃதாவது கடைத்தெருவில் 'ஆம்ப்ளிபயர்' என்று வழங்கும் கருவிக்கு, மின்னைக் கொண்டுசெல்லும் கம்பியில் ஓர் உருகி வைக்கப்படுகின்றது. தொழிலகங்களில் 'பியூசு' எனப்படுவது இதுவே. அவ்வுருகி உருகினால், ஏன் உருகிற்று என்று கேட்பாரில்லை. 30 ஆம்பியர் உருகி இருந்த இடத்தில் 60 ஆம்பியர் உருகியைச் செருகுகின்றனர். அதுவும் நில்லாதாயின் செப்புக் கம்பித் துண்டொன்றை முறுக்கி வைக்கின்றனர். பாட்டு மீண்டும் கேட்கின்றது. உடையவர் மகிழ்கின்றார். பணியாளர் கூலி பெறுகின்றார். தீ மட்டும் காத்திருக்கின்றது.

இக்குற்றம் பணியாளர் ஒருவர்மேல் மட்டும் ஏற்றத்தக்கதன்று. விரைவாக முடித்துத் தருக என்று நெருக்கும் உடையவரும், பொருள் விற்றால்தான் ஊதியம் என்று எண்ணும் வணிகரும், பொருள் விளங்காப் பெயர்களை வாயில் ஏற்றி இளைஞரைத் தொழிலுக்கு அனுப்பும் பயிற்சிமுறையும் இதற்குப் பங்காளிகளே. ஆகலின் குற்றம் யாது, அதன் முதல் யாது, அதனைக் களையும் வழி யாது என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆய்தல் வேண்டும்.

உருகி எதனைக் காக்கின்றது?

உருகி மிகைப்பியைக் காப்பதற்கே உள்ளது என்பது பலர் கொண்டுள்ள தவறான எண்ணம். மின்கலத்தின் அருகே அமையும் உருகி காப்பது கம்பியை. கம்பியைக் காத்தலின் வண்டியை. வண்டியைக் காத்தலின் அதனுள் அமர்ந்துள்ள உயிர்களை. மிகைப்பியின் உடலிலேயே அமைந்த உருகி வேறு; அது மிகைப்பிக்கு மட்டும் உரியது. இவ்விரண்டன் வேறுபாட்டை அறியாதார், மிகைப்பியில் ஒன்று இருக்கின்றதே, மின்கலத்தின் அருகே மற்றொன்று எதற்கு என்று விட்டுவிடுகின்றனர்.

பெரும்பாலான வண்டிகளில் மின்கலம் முன்னே பொறிப்பகுதியில் இருக்க, மிகைப்பி பின்னே சுமைப்பெட்டியில் இருக்கும். இடையே ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள கம்பி, இரும்புச் சுவரின் துளைவழியாகவும் இருக்கையின் அடியிலும் கால்விரிப்பின் கீழும் செல்கின்றது. துளையின் கூரிய விளிம்பு கம்பியின் மேலுறையை அறுத்துவிடுமாயின், மின்கலத்தின் ஆற்றல் முழுவதும் அவ்விடத்திலேயே வண்டியின் உடலுக்குள் பாயும். பின்னே மிகைப்பியிலுள்ள உருகி இதனைத் தடுக்க வல்லதன்று. ஏனெனில் அவ்வோட்டம் அதனூடே செல்வதே இல்லை. இதனாற்றான், முதல் உருகி மின்கலத்திலிருந்து 45 செ.மீ. தொலைவுக்குள் இருத்தல் வேண்டும் என்பதும், இரும்புச் சுவரின் துளைக்கு இரப்பர் வளையம் இடுதல் வேண்டும் என்பதும் இத்தொழிலில் நல்லோர் கைக்கொள்ளும் நெறிகளாயின.

"12 வோல்ட்டுத்தானே! தொட்டாலும் அதிர்வதில்லையே! அஃது என்ன செய்துவிடும்?" என்பாரும் உளர். தொட்டவரை அதிரச் செய்வது வேறு. கம்பியைக் காய்ச்சுவது வேறு. சிறிய வண்டியின் மின்கலமும் தடையற்ற வழி கிடைத்தால் பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது. கம்பியில் தோன்றும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடி அளவில் பெருகுவது. ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காம்.

கணக்கிட்டுக் காண்க. 4 சதுர மி.மீ. பருமனும் 5 மீட்டர் நீளமும் உடைய செப்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0215 ஓம். அதில் 30 ஆம்பியர் ஓடும்போது 19 வாட்டு வெப்பம் பிறக்கும். 60 ஆம்பியர் ஓடவிட்டால் 77 வாட்டு! ஈயப்பற்று வைக்கும் சிறிய சூட்டுக்கோல் 25 வாட்டு அளவினது. அத்தகைய சூட்டுக்கோல் மூன்றினைக் கால்விரிப்பின் கீழ் வைத்துவிட்டு, அதன்மேல் பிள்ளைகளை அமர்த்தி ஊர்ப்பயணம் போவார் உண்டோ? உருகியைப் பெரிதாக்கியவர் செய்வது அதுவே. உருகியின் அளவைக் கம்பியின் பருமன்தான் உறுதி செய்தல் வேண்டும்; பாட்டுக் கேட்பவரின் விருப்பம் அன்று.

எழுத்தறியாரும் அறிந்துகொள்ளுமாறு தட்டை உருகிகளுக்கு நிறமும் வகுத்துள்ளனர். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைக் காணும் கண், அங்கு ஒரு பொய் நடந்துள்ளது என்பதை உடனே உணரலாம்.

'எர்த்து' என்னும் பொய்ப்பெயர்

வண்டித் தொழிலில் வழங்கும் சொற்களுள் மிகுந்த கேடு விளைப்பது 'எர்த்து' என்பதாகும். வீட்டு மின்னமைப்பில் அப்பெயருக்குப் பொருள் உண்டு. அங்கே அக்கம்பி நிலத்தில் புதைத்த தகட்டோடோ குழாயோடோ இணைக்கப்பட்டுள்ளது. பழுது நேர்ந்தாலன்றி அதில் குறிப்பிடத்தக்க மின்னோட்டம் இராது. மகிழுந்தோ இரப்பர் உருளிகளின்மேல் நிற்பது. நிலத்தோடு அதற்கு மின்தொடர்பே வேண்டுவதில்லை. அங்கே 'எர்த்து' எனப்படுவது, வண்டியின் இரும்புடல் வழியாக மின்கலத்தின் எதிர்முனைக்குத் திரும்பும் வழி. நேர்முனையினின்று புறப்பட்டு மிகைப்பிக்குச் சென்ற மின்னோட்டம் அத்தனையும் திரும்பியாக வேண்டும். போகும் வழி எத்துணை அகலமோ, மீளும் வழியும் அத்துணை அகலமாக இருத்தல் வேண்டாவோ?

வீட்டில் கேட்ட பெயரையே வண்டியிலும் கேட்ட இளைஞன், "எர்த்துத்தானே!" என்று மெல்லிய கம்பியொன்றை எடுக்கின்றான். கைக்கு எட்டிய திருகாணியில், வண்ணப் பூச்சின் மேலேயே, அதனைச் சுற்றிவிடுகின்றான். வண்ணப் பூச்சு மின்னைக் கடத்தாது. மின்னோட்டம் திருகாணியின் மரைவழியே திக்கித் திணறித் திரும்புகின்றது. அவ்விடம் காய்கின்றது. பாட்டு உரத்து எழும்போதெல்லாம் மிகைப்பி மயங்கி விழுகின்றது. அவ்விளைஞன் அறிவிலி அல்லன். அவனுக்குச் சொல்லப்பட்ட பெயரே அவனை ஏமாற்றிற்று.

'மீள்வழி' என்று அதற்குப் பெயரிட்டு, அதே இளைஞனிடம் சொல்லிப் பார்க்க. "போகும் கம்பி இவ்வளவு பருமனானால் மீள்வழி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும்?" என்று அவனே கேட்பான். 'உருகி' என்னும் சொல்லும் அத்தகையதே. உருகுவதற்கென்று வைக்கப்பட்டது உருகி, உருகியது குற்றமாகாது, உருகாதிருப்பதே குற்றம் என்பதைச் சொல்லே எடுத்துரைக்கின்றது. தாய்மொழிச் சொல் தொழிலாளியின் கைக்கு வழிகாட்டும் விளக்காவது இவ்வாறுதான். இது மொழிப்பற்றைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தீப்பற்றாமை பற்றிய செய்தியுமாம்.

மீள்வழி அமைக்கும் முறை எளிது. வண்டியுடலின் திண்ணிய பகுதியைத் தேர்ந்து, வண்ணப் பூச்சை வெள்ளிரும்பு தோன்றும்வரை சுரண்டுதல் வேண்டும். நேர்க்கம்பியின் பருமனே உடைய குறுங்கம்பியை வளைய முனையிட்டு, பல்லுள்ள வளையத்தோடு மரையாணியால் இறுக்குதல் வேண்டும். பின்னர் அவ்விடத்தில் மசகோ வண்ணமோ பூசித் துருவைத் தடுத்தல் வேண்டும். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஓரிரண்டு மழைக்காலத்திலேயே இணைப்புகளை அரித்துவிடுமாகலின் இக்கடைசி வேலை அங்கே கட்டாயம். இருக்கை வாரின் ஆணியை இதற்குப் பயன்படுத்தலாகாது. அஃது உயிர் காப்பதற்கென உள்ளது. துளையிடுமுன் அடியில் எரிநெய்த் தொட்டி உளதா என்று குனிந்து பார்த்தலும் வேண்டும்.

ஓட்டம் இருக்கும்போது அளந்து பார்!

இனிக் குற்றங்காணும் முறைக்கு வருவோர், மின்னோட்டம், அழுத்தம், தடை என்னும் மூன்றற்கும் உள்ள உறவைச் செருமானிய அறிஞர் ஓம் 1827-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார் என்பதை நினைவிற் கொள்க. அவ்வுறவு இன்றும் மாறவில்லை. அதனை அளந்து காட்டும் மின்னளவி, அஃதாவது 'மல்ட்டிமீட்டர்', சில நூறு உருவாவுக்கே கிடைக்கின்றது. ஆயினும் பல இடங்களில் அஃது உறையினின்று வெளியே வருவதில்லை. வந்தாலும் தவறான வேளையில் வருகின்றது.

மிகைப்பி வேலை செய்யாதிருக்கும்போது அதன் முனைகளில் அழுத்தத்தை அளப்பர். 12.6 வோல்ட்டுக் காட்டும். "மின் சரியாக வருகின்றது; மிகைப்பிதான் கெட்டது" என்று முடிவு கட்டுவர். இஃது எத்துணைப் பெரிய பிழை! மின்னளவி ஈர்க்கும் ஓட்டம் மிக மிகச் சிறிது. நூறு இழைகள் உள்ள கம்பியில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஓரிழை மட்டும் எஞ்சியிருப்பினும், ஓட்டம் இல்லாதபோது அளவி முழு அழுத்தத்தையே காட்டும். ஆளில்லா வேளையில் ஒற்றையடிப் பாதையும் அகன்ற சாலையும் ஒன்றுபோலவே அமைதியாக இருக்கும். திருவிழாக் கூட்டம் வரும்போதுதான் வேறுபாடு புலனாகும்.

ஆகலின் பொறியை இயக்கி, பாட்டை உரக்க ஒலிக்கவிட்டு அளத்தல் வேண்டும். முதலில் மின்கலத்தின் முனைகளில் அளக்க. பொறி ஓடும்போது அங்கே பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை இருக்கும். அங்கேயே மிகக் குறைந்தால் குற்றம் மின்கலத்திலோ பொறியோடு சுழலும் மின்னாக்கியிலோ உள்ளது. அங்கு நிறைந்து மிகைப்பியில் குறைந்தால் குற்றம் வழியில் உள்ளது. எவ்வழியில்? அளவியின் ஒரு முள்ளை மின்கலத்தின் நேர்முனையிலும் மற்றதை மிகைப்பியின் நேர்முனையிலும் வைக்க. பின்னர் இவ்வாறே எதிர்முனைகள் இரண்டிலும் வைக்க. அளவி காட்டுவது அவ்வழியில் இழந்த அழுத்தமாம்.

எடுத்துக்காட்டாக, மின்கலத்தில் 13.8, மிகைப்பியில் 11.6 எனக் கொள்க. இழப்பு 2.2 வோல்ட்டு. நேர்வழியில் 0.4, மீள்வழியில் 1.8 என்று அளவி கூறுமாயின் வேறு சான்று வேண்டுமோ? புதிய மிகைப்பியும் வேண்டா. பெரிய மின்கலமும் வேண்டா. சுரண்டப்படாத ஒரு விரற்கடை வண்ணப் பூச்சே குற்றவாளி. உப்புத்தாள் துண்டொன்றால் தீரும் நோய்க்குப் பல ஆயிரம் உருவாவைக் கொட்டுதல் அறிவுடைமை ஆகுமோ?

நேர்வழியில் இழப்பு மிகுமாயின் கம்பியை ஐயுறுக. 500 வாட்டு ஒலியை மெய்யாகவே தரும் ஏபி வகை மிகைப்பி, ஏறத்தாழ 60 விழுக்காடு திறனுடையதாகலின், 830 வாட்டுக்கு மேல் உண்ணும். அஃதாவது 60 ஆம்பியர். 85 விழுக்காடு திறனுள்ள டி வகைக்கு 43 ஆம்பியர் போதும். 60 ஆம்பியரை 5 மீட்டர் நீளத்துக்குக் கொண்டுசெல்ல 16 சதுர மி.மீ. செப்புக் கம்பி இடின் இழப்பு 0.32 வோல்ட்டே. ஆயின், கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்பி பல வேளைகளில் செம்பு அன்று. அலுமினியத்தின்மேல் செப்புப் பூச்சு. அதே பருமனில் அதன் தடை செம்பினும் ஒன்றரை மடங்கு. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தோன்றும். பருத்த நெகிழி உறைக்குள் மெலிந்த கம்பி ஒளிந்திருப்பதும் உண்டு. உறையைக் கண்டு மயங்காது உள்ளீட்டைக் கண்டு வாங்குக.

விளக்குகள் தாளத்துக்கேற்ப மங்கி எரிந்தால், பெரிய மின்தேக்கியொன்றை வாங்கி மாட்டுமாறு சொல்வர். 1 பாரடு மின்தேக்கி, அழுத்தம் 14.4-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தரும் ஆற்றல் ஏறத்தாழ 32 சூல். 830 வாட்டு உண்ணும் மிகைப்பிக்கு அது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கே போதும். வழி குறுகியிருக்க வாயிலில் குடம் வைத்துப் பயன் என்ன?

இரைச்சலும் இரவுக் கசிவும்

பொறியின் விரைவு ஏற ஏறச் சீழ்க்கைபோல் ஏறியொலிக்கும் இரைச்சல் மற்றொரு தொல்லை. அதற்கும் வடிகட்டி விற்பார் உளர். முதலில் பாட்டைச் சுமந்துவரும் மெல்லிய கம்பிகளை மிகைப்பியினின்று கழற்றுக. இரைச்சல் நின்றால் அது முன்பக்கத்தினின்று அக்கம்பி வழியே வருகின்றது. பாட்டுக் கருவிக்கும் மிகைப்பிக்கும் மீள்வழிகள் வெவ்வேறு அழுத்தத்தில் இருப்பின், அவ்வேறுபாடு அம்மெல்லிய கம்பியின் மேலுறை வழியே பாய்ந்து இரைச்சலாகும். மீள்வழிகளைச் செப்பஞ்செய்தால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். அடங்காதாயின் மின்னாக்கியின் உட்கூறுகளையும் ஆய்க.

இரவு நிறுத்திய வண்டி விடியலில் கிளம்ப மறுப்பது இன்னொன்று. மிகைப்பியை எழுப்பும் சிறுகம்பியைப் பாட்டுக் கருவியோடு இணையாமல் மின்கலத்தோடே இணைத்துவிட்டால், மிகைப்பி உறங்குவதே இல்லை. பாட்டின்றியும் அது 1 ஆம்பியர் அளவில் உண்ணுமாயின் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி. சிறிய வண்டியின் 35 ஆம்பியர்-மணி மின்கலம் இரண்டு இரவு தாங்காது. இங்கும் குற்றம் மின்கலத்தினது அன்று. பழியும் விலையும் மட்டும் அதன்மேல் விழுகின்றன.

மிகைப்பியின் காப்பு விளக்கு எரிந்து ஒலி நின்றால், ஒலிபெருக்கிகளை முதலில் கழற்றுக. விளக்கு அணைந்தால் குற்றம் அவற்றிலோ அவற்றின் கம்பியிலோ உள்ளது. கதவின் கீலில் நசுங்கிய கம்பியே பல வேளைகளில் அகப்படும். அணையாதாயின் பாட்டுக் கம்பிகளைக் கழற்றுக. அதற்கும் அணையாதாயின் வரும் அழுத்தத்தை அளக்க. அதுவும் செவ்வையாயின் அன்றோ மிகைப்பியைத் திறத்தல் வேண்டும்!

எவ்வேலையைத் தொடங்கும்போதும் மின்கலத்தின் எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் மாட்டுக. இன்றைய வண்டிகள் சிலவற்றில் எதிர்முனையிலேயே ஓட்டத்தை அளக்கும் உணரி உண்டாகலின், மீள்வழிக் கம்பியை அம்முனையில் மாட்டாது வண்டியுடலில் மாட்டுதல் வேண்டும். மின்னால் ஓடும் வண்டிகளில் செம்மஞ்சள் நிறக் கம்பிகளை அணுகவே கூடாது. அவற்றில் ஓடுவது உயிர் பறிக்கும் உயரழுத்தம்.

குற்றங்காண்பதற்குக் கூலி தருக

இவ்வளவும் ஓர் அரைமணி நேர வேலை. அவ்வாறாயின் ஏன் எவரும் செய்வதில்லை? அவ்வரை மணிக்குக் கூலி தருவார் இல்லாமையே கரணியம். புதிய மின்கலத்துக்கு ஐயாயிரம் கேட்டால் மறுக்காது தரும் உடையவர், "அளந்து பார்த்தேன், பூச்சைச் சுரண்டினேன், முந்நூறு தருக" என்று பணியாளர் கேட்டால், "சுரண்டியதற்கா முந்நூறு?" என்று சினக்கின்றார். அறிவுக்கு விலை இல்லை, பொருளுக்கே விலை. இந்நிலையில் வயிற்றுப்பாட்டுக்காக உழைக்கும் இளைஞன் அளவியை எடுப்பானா, அட்டைப்பெட்டியை எடுப்பானா?

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த முறையைக் கல்லாத தமிழ் மாணவன் இல்லை. நோயை ஆயாது மருந்து கொடுப்பவனை மருத்துவன் என்று தமிழர் கொள்ளார். வண்டிக்கும் அதுவே முறை. ஆயின், நோய் ஆயும் உழைப்புக்குக் கைம்மாறு மறுத்துவிட்டு, மருந்தைமட்டும் விலைக்கு வாங்கும் மரபை வளர்த்தவர் யார்? கேட்போர் அனைவரும்தாம்! குற்றங்காணும் உழைப்புக்குக் கூலி தராதவர், தேவையில்லாப் பொருளுக்கு விலை தருவர். ஒரு நாள் வண்டியையே விலையாகத் தருவர்.

தொழிற்பயிற்சி நிலையங்களும் ஆசிரியரும் இதில் செய்யக்கூடியது உண்டு. கருவிகளின் அயற்பெயரை ஒப்பிக்கச் செய்வதோடு நில்லாது, உருகி எதற்கு உருகுகின்றது, மீள்வழி எதற்கு மீள்கின்றது என்று தாய்மொழியில் சொல்லி, ஓட்டம் இருக்கும்போது அளக்கும் பழக்கத்தைக் கையில் ஏற்றுதல் வேண்டும். பொருள் விளங்கிய சொல்லைக் கொண்டவனே கேள்வி கேட்பான். கேள்வி கேட்பவனே குற்றம் காண்பான்.

வண்டி உடையவர் இன்றே தம் வண்டியின் முன்மூடியைத் திறந்து, மின்கலத்தின் அருகே உருகி உளதா, அதன் அளவு கம்பிக்கு ஏற்றதா என்று காண்க. இல்லையாயின் மிகைப்பியின் கம்பியை மின்கலத்தினின்று கழற்றி வைக்க. செம்மையாகும்வரை பாட்டில்லாப் பயணம் தாழ்வன்று. உருகி உருகினால் அதனை வையாது, அது கண்ட குற்றம் யாது என்று தேடுக. தான் அழிந்து பிறரைக் காப்பது அச்சிறு தகடு. அதன் வாயை அடைத்துவிட்டு இசை கேட்பது இசையன்று. எரியப்போகும் வீட்டில் பாடும் தாலாட்டு!